தெருவில் நீட்டிய உளுந்து

மங்கையர்க்கரசி எதைப் பேசினாலும் ஒரு முழம் கூடத்தான் பேசுவாள். அந்த ஒரு முழம்தான் அந்த வருஷம் அவளை மாட்டிவிட்டது.

கூரம் கிராமத்தில் அவளுக்குப் பிறந்த வீட்டுப் பங்காக முக்கால் ஏக்கர் இருந்தது. நிலம் அவளுடையது, பாடு தம்பி அர்ஜுனனுடையது. கிணறு கிடையாது, வானம் பார்த்த பூமி. ஆடியில் உளுந்து விதைப்பது, ஆவணியில் மழை கைவிரிப்பது, செடி கருகுவது என்றே இரண்டு வருஷம் போயிற்று. அலுத்துப்போன அர்ஜுனன், மேல்மண்ணைச் செங்கல் சூளைக்காரருக்கு வெட்டக் கொடுத்துவிடலாம் என்று சொல்ல, பெரிய காஞ்சிபுரத்தில் இருந்த அக்கா வீட்டுக்கே வந்துவிட்டான்.

"மண்ண வெட்டிக்கினு போனா அப்பால பள்ளந்தான்டா மிஞ்சும்" என்று மங்கை கத்தினாள்.

"பயிர் வெச்சா மட்டும் இன்னாக்கா மிஞ்சுது?"

அவள் விடவில்லை. "இந்த ஆடிக்குப் பாதி நிலத்துல நான் பதம் பண்ண விதைய போடு, பாதியில உன் விதைய போடு. என் பாதி உன் பாதியவிட நல்லா நின்னா நிலம் நிலமாவே இருக்கட்டும். இல்லன்னா சூளைக்காரருக்கே குடுத்துடு!"

கடைசி வாக்கியம் தேவையே இல்லை. ஆனால் வாயிலிருந்து விழுந்தது விழுந்ததுதான். அர்ஜுனன் "சரிக்கா, பேச்சு மாறக்கூடாது" என்று எழுந்து போய்விட்டான்.

விதையைப் பதம் பண்ணும் வித்தையை அவள் ஏனாத்தூரில் கற்றிருந்தாள். விவசாயிகளுக்கு அங்கே ஒருநாள் பயிற்சி நடந்தது. போனதென்னவோ மத்தியானச் சாப்பாடு நன்றாயிருக்கும் என்று கேள்விப்பட்டுத்தான். சாப்பாடு சுமார், ஆனால் விஷயம் மனசில் ஒட்டிக்கொண்டது. தண்ணீரில் சிட்டிகை ஜிங்க் சல்பேட்டைக் கரைத்து, உளுந்தை மூன்று மணி நேரம் ஊறவைக்க வேண்டும். பிறகு நிழலில் பரப்பி, பழையபடி கலகலவென்று ஆகும்வரை உலர்த்த வேண்டும். ஒருமுறை நனைந்து காய்ந்த விதை, பின்னால் மழை பொய்த்தாலும் கொஞ்சம் தாக்குப்பிடிக்குமாம்.

ஊறவைப்பது எளிதாக முடிந்தது. உலர்த்துவதில்தான் வந்தது வினை. வெயிலில் போட்டால் முளை செத்துப்போகும். வீட்டில் நிழலும் அகலமான தரையும் உள்ள ஒரே இடம், கணவர் வேலாயுதம் சேலை நெய்யும் தறிக்கூடம். மங்கை அங்கே பாயை விரித்து, உளுந்தைப் பரப்பி, மின்விசிறியைச் சுழலவிட்டாள்.

"யாரு காத்தாடி போட்டது? நிறுத்து!" என்று தறியிலிருந்து வேலாயுதம் அலறினார். சாதுவான மனிதர்தான். ஆனால் தறியில் உட்கார்ந்துவிட்டால் வேறு ஆள். "காத்து பட்டா இழை காஞ்சி படபடன்னு அறுந்துடும்மா. ஆவணி முகூர்த்தத்துச் சேலை இது."

"அப்போ என் உளுந்து?"

"உன் உளுந்துக்காக நான் நாள் முழுக்க இழை முடிஞ்சிக்கினு இருக்கணுமா?"

விசிறி நின்றது. புழுங்கிய அறையில் உளுந்து ஈரமாகவே கிடந்தது. இப்படியே விட்டால் விடிவதற்குள் முளைவிட்டு, விதைக்கவும் ஆகாமல் அரைக்கவும் ஆகாமல் போய்விடும். மங்கை சட்டென்று தெருவுக்கு ஓடிப்போய்க் குரல் கொடுத்தாள்.

"பாவு நீட்டணும், கை குடுங்கபா!"

நெசவாளர் தெருவில் இந்தக் குரலுக்குத் தனி மரியாதை உண்டு. பாவு என்பது சேலையின் நீளவாட்டு இழைகள். அதைத் தெருநீளத்துக்கு இழுத்துக் கட்டிச் சீர் செய்ய ஒரு வீட்டு ஆட்கள் போதாது. அதனால் யார் வீட்டிலிருந்து குரல் வந்தாலும் கைவேலையைப் போட்டுவிட்டு ஓடிவர வேண்டும். வந்தவர்கள் கை வைக்காமல் திரும்பக் கூடாது. துண்டை உதறிக்கொண்டு ஏழெட்டுப் பேர் வந்துவிட்டார்கள்.

எதிர்வீட்டு அங்கம்மாள் சுற்றுமுற்றும் பார்த்தாள். "எங்கமா பாவு?"

மங்கை பாயைக் காட்டினாள். "இதான்."

"அடி பாவி! உளுந்துக்கா ஊரையே கூட்டின?"

சிரிப்பும் வசவும் சரிபாதியாக விழுந்தன. ஆனாலும் வழக்கம் வழக்கம்தான். ஒருவரும் திரும்பிப் போகவில்லை. பாவு கட்டும் கழிகளை வேப்பமர நிழலில் நட்டு, மங்கையின் பழைய நூல்சேலையை இடுப்புயரத்தில் விறைப்பாக இழுத்துக் கட்டினார்கள். உளுந்தை அதன்மேல் பரப்பியதும் மேலேயும் கீழேயும் காற்று புகுந்தது. அடித்தது ஆடிக்காற்று, அம்மியையே தூக்கும் காற்றுக்கு உளுந்து எம்மாத்திரம்? ஆளுக்கொரு விளிம்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஊர்க்கதை பேசியபடியே நின்றார்கள். பொழுது சாய்வதற்குள் உளுந்து கலகலத்தது. மறுநாளே அர்ஜுனன் வந்து மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனான்.

விதைத்த வாரம் ஒரு மழை. அதோடு சரி. ஆவணி முழுக்க வானம் துடைத்துவிட்டதுபோல் கிடந்தது. மங்கைக்குச் சோறு இறங்கவில்லை. கடைசியில் வேலாயுதத்தின் மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து கூரத்துக்குப் போனாள்.

வரப்பில் அர்ஜுனன் நின்றிருந்தான். பக்கத்தில் சூளைக்காரர், கையில் அளவுநாடாவோடு. மங்கை நிலத்தைப் பார்த்தாள். அவள் பாதியில் உளுந்து நின்றது. உச்சி வெயிலில் இலை கொஞ்சம் துவண்டிருந்தாலும் உயிரோடு நின்றது. அடுத்த பாதியைப் பார்த்தாள். அதுவும் அப்படியேதான் நின்றது.

"ரெண்டும் ஒண்ணாதான் இருக்குதுபா" என்றார் சூளைக்காரர். "பேச்சுப்படி பாத்தா மண்ணு எனக்குத்தான்."

தோற்றுவிட்டோம் என்று மங்கைக்கு அழுகை முட்டியது. முகத்தைத் திருப்பிக்கொண்டபோதுதான் வரப்புக்கு அந்தப் பக்கம் பக்கத்து நிலத்துக்காரர் திருஞானசம்பந்தத்தின் வயல் கண்ணில் பட்டது. அதுவும் உளுந்து, அதே வாரம் விதைத்தது. ஒரு செடி மிச்சமில்லாமல் கருகிக் கிடந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு தம்பியிடம் போனாள். "டேய், உன் பாதி ஏன்டா சாவல?"

அர்ஜுனன் தலையைச் சொறிந்தான். "நானும் ஊற வெச்சேன்கா."

"யாருடா சொல்லிக்குடுத்தது?"

"மாமாதான். யாருக்கும் தெரியாம வந்து, கூடவே இருந்து உலத்திக் குடுத்துட்டுப் போனாரு."

மங்கை திரும்பிப் பார்த்தாள். வேலாயுதம் மும்முரமாக மொபெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பந்தயம் கட்டிட்டு இன்னாத்துக்குடா இந்த வேல? உன் விதைய சும்மா போட்டிருந்தா நான் ஜெயிச்சிருப்பேனே!"

"நீ ஜெயிச்சிருப்பக்கா. ஆனா என் பாதி செத்துப் போயிருக்குமே" என்றான் அர்ஜுனன். "ரெண்டு வருசமா தெனம் வந்து அது சாவறத நான்தான் பாத்தேன். மூணாவது வருசமும் பாக்க என்னால முடியல."

மங்கை மண் ஒட்டியிருந்த அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். சூளைக்காரர் யாரும் சொல்லாமலே நாடாவைச் சுருட்டத் தொடங்கினார்.