நூற்றுப் பதினோரடி மரம்

கதிரவன் உச்சியினின்று சரிய, மாடிகளின் நிழல் தெருவின் ஒரு பாதியைக் கருந்துகில்போல் மூடி மறுபாதியை வெயிலுக்கே விட்டுவைத்திருந்த பிற்பகற்பொழுதில், மரக்கடைகள் நிறைந்த அந்நீண்ட தெருவெங்கும் வாள்கள் மரத்தை அறுக்கும் ஓசை, ஓயாது வழக்காடும் பல குரல்களைப்போல் எழுந்து, தாழ்ந்து, மீண்டும் எழுந்துகொண்டிருந்தது. அறுபட்ட மரத்தின் பொன்னிறத் தூள் காற்றில் மிதந்து, போவோர் தலையிலும் வருவோர் தோளிலும் வேறுபாடின்றிப் படிந்தது. அத்தெருவில், கையில் மடித்த தாளோடும் ஆறு வயது மகளோடும், இளைஞன் ஒருவன் மூன்றாம் முறையாக நடந்துகொண்டிருந்தான். கடைவாயில் வரை செல்வான், தாளைப் பிரிப்பான், கூட்டிய தொகையை மீண்டும் கூட்டுவான், திரும்புவான். கணக்கில் பிழையில்லை என்பதை அவன் அறிவான். படிப்போரே, பிழையற்ற கணக்கை ஒருவன் எதற்காக இத்தனை முறை கூட்டுகிறான் என்பதை மட்டும் அவன் அறியான்.

அவனது இல்லம் ஒரே நீள அறை. தெருவாயிலும் அடுக்களையும் ஒரு முனையில், சாளரம் மறுமுனையில், சாளரத்தின் கீழே ஒரு கட்டில். அக்கட்டிலில் நோயுற்றுக் கிடந்த அவன் மனைவி மறைந்து பத்துத் திங்கள் ஆகியிருந்தன. அன்றுமுதல் தந்தையும் மகளும் வாயிலருகே பாய் விரித்து உறங்கி, அங்கேயே உண்டு, அங்கேயே எழுந்து நடமாட, அறையின் பிற்பாதியோ எவரும் கால் நனைக்காத குளம்போல் அசைவற்றுக் கிடந்தது.

சென்ற கிழமை மனைவியின் தமக்கை வந்தாள். தங்கையை இழந்த துயரைச் சினமாக்கிச் சுமப்பவள். பாயையும் கட்டிலையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"தம்பி, பள்ளிக்கூடம் போற பிள்ளைக்கு ஒரு மூலை வேண்டாமா? வாசப்படியில படுத்து எந்திரிக்கிறா. அடுத்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் வருவேன். அவளுக்குன்னு ஒரு ரூம் இருந்தா இங்க இருக்கட்டும். இல்லேன்னா எங்கூட வரட்டும். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக் கூடாது."

"தடுப்பு போட்டுடுறேன் அண்ணி."

"வாயத் தொறந்து பதில் சொன்னீங்களே, அதுவே பெரிசு" என்று சொல்லிப் போனாள்.

அன்றுமுதல் அவன் அமரவில்லை. அளவுநாடாவைத் தரையில் விரிப்பதும் சுருட்டுவதும், எழுதுவதும் அடிப்பதுமாக, கூண்டுக்குள் உலவும் விலங்குபோல் அலைந்தான். அகலம் பன்னிரண்டடி, உயரம் ஒன்பதடி. இரண்டடிக்கு ஒன்றாக நிறுத்தும் குத்துச்சட்டங்கள் ஆறு என எழுதியவன், இடைவெளி ஆறாயின் சட்டம் ஏழன்றோ எனத் திருத்தினான். ஏழுக்கு அறுபத்துமூன்றடி, தரையில் ஒன்று, கூரையை ஒட்டி ஒன்று, நடுவே இரண்டு எனக் கிடைச்சட்டம் நான்குக்கு நாற்பத்தெட்டடி, ஆக நூற்றுப் பதினோரடி. இருபுறமும் போர்த்த ஒட்டுப்பலகை ஏழு. திருகாணிகளையும் விடாது எண்ணினான்.

"தினம் அளக்கிறியே, சுவர் வளருதாப்பா?" என்று மகள் கேட்டாள். அவன் மீண்டும் அளந்தான்.

இன்றோ கால் வலித்த குழந்தை, தந்தையின் விரலைப் பற்றி இழுத்துக்கொண்டு தானே ஒரு கடைக்குள் புகுந்தாள். கொண்டையில் கரிக்கோல் செருகிய பெண் ஒருத்தி அக்கடையை நடத்திவந்தாள். வருவோரைக் கேலி செய்யாமல் அவளால் பலகை விற்க இயலாது.

"வாங்க. எங்க தெருவை மூணு தடவை அளந்தாச்சு போல. சரியா இருந்துச்சா?"

‘பாப்பா அறை’ எனத் தலைப்பிட்டு, வரைபடமும் கணக்கும் எழுதிய தாளை அவன் நீட்டினான். அவள் வரிவரியாக விரலோட்டிப் படித்தாள்.

"கணக்கு சுத்தம். திருகாணிகூட எண்ணியிருக்கீங்க. ஏங்க, வழி எங்க?"

"எந்த வழி?"

"உள்ள போற வழிங்க. கதவு! உள்ள குடியிருக்கப் போறது பல்லியா, கூரை வழியா போக?"

அவன் வரைபடத்தைப் பார்த்தான். சுவரின் ஒரு முனைமுதல் மறுமுனைவரை, ஏழு நாள் முயன்று வரைந்த கோட்டில், விரற்கடை இடைவெளியும் இல்லை.

"அது அம்மா இருந்த பக்கம்," என்றாள் குழந்தை. "நாங்க அங்க போறதில்ல."

"அப்ப உன் ரூம் எது தங்கம்?"

"இந்தப் பக்கம்தான். அப்பாவும் நானும்."

"இப்பவும் அப்படித்தானே இருக்கீங்க? அதுக்கு எதுக்குச் சுவரு?"

அவன் தாளைத் தன்பக்கம் திருப்பினான். மகளுக்கு அறை செய்யப் புறப்பட்டவன், மனைவிக்குப் பேழை செய்யக் கணக்கெழுதியிருந்தான்; அதில் ஓர் ஆணியும் குறையவில்லை.

கடைக்காரி குழந்தையின் முன் குந்தினாள். "ஜன்னல் எந்தப் பக்கம்?"

"அம்மா பக்கம்."

"உனக்கு ஜன்னல் வேணுமா?"

குழந்தை தந்தையின் முகத்தைப் பார்த்தாள். "வேணும். ஆனா அங்க இருந்து கூப்பிட்டா அப்பாவுக்குக் கேக்குமா?"

கடைக்காரி பலகையொன்றை விரல்முட்டியால் தட்டினாள். "இது வெறும் பலகை. நீ முணுமுணுத்தாலே கேக்கும். உங்கப்பாவுக்குத் தூக்கம்தான் போகும்." பின்பு கொண்டையிலிருந்த கரிக்கோலை உருவி அவனிடம் நீட்டினாள். "நடுவுலயா, ஓரத்துலயா?"

"நடுவுல" என்றான். பத்துத் திங்களில் அவன் தயங்காது சொன்ன முதற்சொல் அது.

மூன்றடி அகலம், ஏழடி உயரம் விட்டு அவன் மீண்டும் கூட்டினான். நடுச்சட்டம் அறுபட்டது, கிடைச்சட்டங்கள் குறைந்தன, ஆயினும் வாயிலின் இருபுறமும் இரட்டைக் குத்துச்சட்டம், மேலே தாங்குசட்டம், கதவுக்கு நிலை என ஏறி, தொகை நூற்று நாற்பத்தேழு அடியாயிற்று.

"மரம் குறையும்னு நெனச்சேன்."

"எல்லாரும் அப்படித்தான் நெனைப்பாங்க. அடைக்கிறது சுலபம்ங்க. வழி விடத்தான் மரம் நெறையா வேணும். ரெண்டு பக்கமும் இரட்டையா நிறுத்தலேன்னா, கதவைச் சாத்துறப்பல்லாம் சுவரே ஆடும்."

தச்சர் இருவர் இரண்டு நாளில் தடுப்பை நிறுத்தினர். கட்டிலைத் துடைத்ததும் புத்தகங்களை அடுக்கியதும் அவர்களும் குழந்தையுமே. அவன் இப்புறமே நின்றான்.

வெள்ளிக்கிழமை மாலை தமக்கை, குழந்தையின் உடைகளுக்கெனப் பெரிய வெறும்பை ஒன்றுடன் வந்தாள். புதுக்கதவு சாத்தியிருந்தது. தள்ளக் கை வைத்தாள்.

"தட்டிட்டு வாங்க பெரியம்மா!"

திடுக்கிட்டவள், தட்டினாள். கதவு திறந்தது. மாலை வெயில் சாளரத்தின் வழியே தங்கையின் கட்டிலில் விழுந்து, அதன்மேல் பரப்பிய வண்ணக் கரிக்கோல்களைத் தொட்டுக்கொண்டிருந்தது. தமக்கை சில கரிக்கோல்களை ஓரமாக ஒதுக்கினாள். பின் கட்டிலின் ஓரத்தில் அமர்ந்து, கொண்டுவந்த பையை நான்காக மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"நீங்க வரலையா தம்பி?"

அவன் நிலைக்கு வெளியே நின்றிருந்தான்.

"அப்பா!" குழந்தை மிக மெல்ல, ஆய்ந்து பார்ப்பவள்போல் அழைத்தாள். "கேக்குதா?"

"கேக்குது."

நூற்றுப் பதினோரடியில் முடிந்திருக்கக்கூடிய சுவர் அது. மிகுதியாய் வாங்கிய முப்பத்தாறடி மரத்தின் நடுவே, இருபுறமும் இரட்டையாய் நின்ற சட்டங்களில் ஒன்றைக் கையால் பற்றி, அது ஆடாதென்று அறிந்து, அவன் உள்ளே சென்றான்.