பல் டாக்டரின் கடைவாய்ப் பல்

பல் டாக்டருக்கே பல்வலி என்றால் ஊர் சிரிக்கும். அது அவருக்கும் தெரியும். அதனால்தான் மூன்று மாதமாக யாரிடமும் மூச்சு விடவில்லை.

இருபத்தெட்டு வருஷமாகத் தன் முன்னால் வாயைத் திறந்த அத்தனை பேரிடமும் அவர் சொல்லிவந்தது ஒரே வார்த்தைதான். "வலிக்காது." ஊசியைக் கையில் வைத்துக்கொண்டும் சொல்வார், இடுக்கியைக் கையில் வைத்துக்கொண்டும் சொல்வார். அப்பேர்ப்பட்டவருக்குச் சின்ன வயதிலிருந்தே ஊசி என்றால் உதறல். அடுத்தவர் ஈறில் போடும்போது கை ஆடாது. தன் ஈறு என்றால் ஊசி இருக்கும் பக்கமே திரும்பமாட்டார்.

கீழ்வரிசை, இடது பக்கம், கடைசிக்கு முந்தின பல். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிளினிக்கில் யாரும் இல்லாத நேரம் பார்த்துத் தானே எக்ஸ்ரே எடுத்துக்கொண்டார். வேரடியில் சீழ் கோத்திருந்தது. வேறு யாருடைய படமாக இருந்தாலும், "இன்னைக்கே எடுத்துடணும், விட்டா தாடை எலும்புக்குப் போயிடும்" என்று மிரட்டியிருப்பார். தன்னுடையது என்பதால் படத்தைக் கவருக்குள் போட்டு, கவரை அலமாரிக்குள் வைத்து, அலமாரியைப் பூட்டிவிட்டார். வியாதியும் உள்ளேயே கிடக்கும் என்று நினைத்தாரோ என்னவோ.

கிளினிக்கில் இன்னொரு டாக்டரும் உண்டு. மனைவியின் தங்கை, எல்லோருக்கும் சின்ன டாக்டர். சொன்னால் ஐந்தே நிமிஷத்தில் பிடுங்கிப் போட்டுவிடுவாள். அதுதான் பயமே.

பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள் என்பார்கள். பாவம், அவருக்கு அந்த வழியும் இல்லை. ரொட்டியைப் பாலில் ஊறவைத்து வலது பக்கமாகவே மென்றார். மனைவி கேட்டதற்கு, "உடம்பைக் குறைக்கிறேன்" என்றார்.

இந்த நிலையில்தான் டயர் கடை மாடியில் ஜென் வகுப்பு நடப்பதாகக் கேள்விப்பட்டார். சனிக்கிழமை காலை ஏழு மணி. சுவரைப் பார்த்து உட்கார வேண்டும், மூச்சை ஒன்றிலிருந்து பத்து வரை எண்ண வேண்டும், மணி அடித்தால் எழுந்திருக்க வேண்டும். சொல்லித்தருகிற டீச்சர் அவரைவிடப் பத்துப் பதினைந்து வயது சின்னவர். அதற்கு முன் நீச்சல் கற்றுக்கொடுத்தவராம்.

"கால் வலிக்கும், முதுகு வலிக்கும்," என்றார் டீச்சர் முதல் நாளே. "வலிச்சா வலிக்குதுன்னு தெரிஞ்சுக்குங்க. அதுக்கு மேல கதை கட்டாதீங்க. அவ்வளவுதான்."

சொன்னது இவ்வளவுதான். டாக்டர் காதில் விழுந்ததோ வேறு. ஊசியே போடாமல் மரத்துப்போக வைக்கும் மருந்து ஒன்று கிடைத்துவிட்டது என்று குளிர்ந்துபோனார். வேளைக்கு இருபது நிமிஷம், நாளைக்கு இரண்டு வேளை என்று அளவுகூட வகுத்துக்கொண்டார். பழக்கதோஷம்.

மருந்து வேலை செய்யவில்லை. ஒன்று, இரண்டு என்று எண்ணுவார். மூன்றில் பல் குறுக்கே வந்து நிற்கும். அதைச் சும்மா பார்க்கச் சொன்னால், இவர் நோயாளியைப் பார்ப்பதுபோல் பார்ப்பார். நரம்பு எவ்வளவு செத்திருக்கிறது, சீழ் எந்தப் பக்கம் போகிறது என்று கணக்குப் போட்டே மணி அடித்துவிடும். போகப்போக, கிளம்பும் முன் கிராம்பு எண்ணெயைப் பஞ்சில் நனைத்துப் பல்லில் வைத்துக்கொண்டு வர ஆரம்பித்தார். சக தியானக்காரர்கள் மூக்கை உறிஞ்சினார்கள். "நீங்க வந்து உக்காந்தாலே ஒரு நல்ல வாசனை வருது சார்" என்றார் ஓர் இன்சூரன்ஸ் ஏஜென்ட், பயபக்தியோடு.

ஐந்தாவது வாரம் வலி தாங்காமல் கண்ணீர் பொலபொலவென்று கொட்டிவிட்டது. முடிந்தது கதை. "எனக்கு நாலு வருஷமா ஒரு சொட்டு வரலை, இவருக்கு அஞ்சாவது வாரமே வந்துடுச்சு" என்று ஏஜென்ட் எல்லோரிடமும் சொல்லிவைத்தார். அடுத்த வாரம் டாக்டருக்கு முன்வரிசையில் இடம் போட்டிருந்தார்கள். இனிமேல் போய் பல்வலி என்று சொல்ல முடியுமா? மனுஷர் வசமாக மாட்டிக்கொண்டார்.

ஒரு வியாழக்கிழமை டீச்சரே கிளினிக்குக்கு வந்தார். யோசிக்கும்போது பேனா மூடியைக் கடிக்கிற பழக்கமாம். ஒரு பல் பாதியாகப் பிளந்திருந்தது. எடுத்தே ஆக வேண்டும். டாக்டருக்கு ஒரே உற்சாகம். வலியை வென்ற ஒருவரை இன்றைக்குக் கண்ணெதிரே பார்க்கப்போகிறோம் என்று சின்ன டாக்டரையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார்.

"ஊசி வேண்டாம், இல்லையா?" என்றார் பணிவாக.

டீச்சர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "ஏன் டாக்டர், உங்களுக்கு என் மேல என்ன கோபம்?"

ஊசி இறங்கியது. "ஐயோ! அம்மா!" என்று டீச்சர் போட்ட சத்தத்தில் தட்டிலிருந்த சாமான்கள் கிணுகிணுத்தன. ஊசி வெளியே வந்ததும் சத்தம் நின்றது. துளி முகச்சுளிப்புகூட மிச்சமில்லை. சுவரிலிருந்த பல் படத்தை ஆர்வமாகப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

டாக்டருக்கு ஏமாற்றம் பொறுக்கவில்லை. எட்டு வாரம் காலை மடக்கி உட்கார்ந்தது இதற்குத்தானா! "நீங்களே இப்படிக் கத்தலாமா?" என்று கேட்டேவிட்டார்.

"வலிச்சது, கத்தினேன். நின்னுச்சு, நிறுத்திட்டேன்." உதடு ஒரு பக்கம் மரத்துத் தொங்க ஆரம்பித்திருந்தது, ஆனால் பேச்சு தெளிவாகத்தான் வந்தது. "நீங்கதான் வாயை மூடிக்கிட்டு இன்னும் கத்திக்கிட்டிருக்கீங்க. கிராம்பு எண்ணெய் எதுக்குன்னு எனக்குத் தெரியாதா? எங்க வீட்டுலயும் பல்லு இருக்கு டாக்டர்."

சின்ன டாக்டர் நிமிர்ந்து பார்த்தாள். டீச்சரின் பல்லை எடுத்து, பஞ்சு வைத்து, வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து கதவைச் சாத்தினாள்.

"மாமா, வாயைத் திறங்க."

திறந்தார். வேறு வழி?

"எத்தனை நாளா?"

"இப்பத்தான், ரெண்டு நாளா..."

"மாமா."

"மூணு மாசம்," என்றார், குழந்தை மாதிரி.

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்குக் கத்திவிட்டு வெளியே போயிருப்பார். கண் கலங்கி, "தாடைக்குப் போயிருந்தா அக்காவுக்கு நான் என்ன பதில் சொல்றது?" என்றாள். அதற்கு மேல் அவருக்கு வீம்பு வரவில்லை. தன் நாற்காலியில் தானே ஏறிப் படுத்தார். மேலிருந்த விளக்கு இவ்வளவு கூசும் என்பது அன்றுதான் தெரிந்தது.

"வலிக்குமா?" என்றார்.

அவர் பழக்கிவிட்ட பெண்தானே, "வலிக்..." என்று ஆரம்பித்தாள். பிறகு யோசித்தாள். "ஊசி வலிக்கும் மாமா. சீழ் இருக்கிறதால கொஞ்சம் அதிகமாவே வலிக்கும். அப்புறம் வலிக்காது."

இதைக் கேட்டதும் பயம் கூடத்தான் செய்தது. ஆனால் உள்ளுக்குள் ஏதோ ஒன்று இளகியது. மூச்சை எண்ண ஆரம்பித்தார். ஒன்று.

இரண்டுக்குப் போகவில்லை. "அம்மா! வலிக்குதே! வலிக்குது!" என்று அடிவயிற்றிலிருந்து வந்தது குரல். அம்மா போய்ப் பதினொரு வருஷம். இருந்திருந்தால் எங்கிருந்தாலும் ஓடிவந்திருப்பாள்.

ஊசி வெளியே வந்தது, வலி அடங்கியது, மரத்தது, பல்லும் போனது. ஒன்றும் பாக்கியில்லை. அவருக்கு அழுகை வந்தது, வெட்கமில்லாமல் அழுதார். சின்ன டாக்டர் தோளைத் தட்டிக்கொடுத்தாள்.

நர்ஸ் எட்டிப் பார்த்தாள். "டாக்டர், வெளிய ஆறு பேர் இருந்தாங்க. அஞ்சு பேர் எழுந்து போயிட்டாங்க. ஒரு லாரி டிரைவர் மட்டும் இருக்கார். கத்தினது பெரிய டாக்டரான்னு கேக்குறார்."

"ஆமான்னு சொல்லு," என்றார் பஞ்சைக் கடித்துக்கொண்டு.

"சொல்லிட்டேன். போன தடவை அவர் கத்தினப்ப நீங்க சிரிச்சிட்டீங்களாம். அந்த வெக்கத்துல ரெண்டு வருஷமா வலியோடவே வண்டி ஓட்டுறாராம். இப்ப உக்காந்தா கத்தலாமான்னு கேக்குறார்."

டாக்டர் நினைத்துப் பார்த்தார். ஞாபகம் வரவில்லை. எத்தனை பேரிடம் சிரித்தாரோ. ரொம்ப வெட்கமாக இருந்தது. நாற்காலியை விட்டு இறங்கி, வீங்கிய கன்னத்தைக் கையில் தாங்கியபடி வெளியே போனார். அங்கே ஒரு பெரிய ஆள், அதே மாதிரி கன்னத்தைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"வாங்க," என்றார் டாக்டர். "வலிக்கும்."