கொலை நடந்த எங்கள் அடுப்படி

வெள்ளிக்கிழமைக் கோழி சூப்புக்கு நான் காரட் நறுக்கிக்கொண்டிருந்தேன். மதியச் சாப்பாட்டுக்குப் பள்ளியிலிருந்து வந்த என் மகள் நவோமி தன் சிவப்பு இழுவண்டியை மாடிப்படியில் தடதடவென்று ஏற்றி, அடுப்படி நடுவில் கொண்டுவந்து நிறுத்தினாள். வண்டி நிறைய காமிக்ஸ். பிராங்க்ஸ் பகுதியில் எங்கள் தெருவில் ஒரு வீடு விடாமல் கேட்டு வாங்கியிருக்கிறாள். பிள்ளைகளைக் கெடுக்கிற குப்பை என்று இன்று பள்ளி முற்றத்தில் எல்லாவற்றையும் கொளுத்தப் போகிறார்களாம்.

“அம்மா, நம்ம வீட்ல ஏதாவது இருக்கா?”

பக்கத்து அறையில் வரைபலகைக்குக் கீழே ஆடிக்கொண்டிருந்த கால் நின்றது. என் கணவர் ஹெர்ஷுக்குத் தூக்கத்தில்கூட அந்தக் கால் ஓயாது. “இல்லை” என்று உள்ளிருந்தே குரல் வந்தது.

காமிக்ஸ் புதிதாய்க் கிளம்பிய காலத்தில் பறக்கும் வீரர்களை வரையப் போனவர் அவர். போர் நடந்தபோது கப்பலேறிய பையன்களெல்லாம் அவர் வரைந்ததைப் பையில் வைத்திருந்தார்கள். அப்போது மனிதருக்குத் தரையில் கால் பாவவில்லை. போர் முடிந்தது, பறக்கிறவர்களை யாரும் சீண்டவில்லை. கொலைக் கதைதான் விற்றது. மகளிடம் சோப்பு விளம்பரம் வரைவதாகச் சொல்லிவைத்தோம். மாட்டிக்கொள்ளவும் வழியில்லை. ஒருவர் பென்சிலில் போடுவார், இன்னொருவர் மை தீட்டுவார், மேலே முதலாளி வைத்த கற்பனைப் பெயர் இருக்கும். ஹெர்ஷ் பின்ஸ்கி என்ற பெயர் எந்தப் பக்கத்திலும் கிடையாது.

ஆனால் அவசரத்தில் வரைகிற கை கண்ணெதிரே இருப்பதைத்தானே வரையும்? போன வருஷம் அவர் வரைந்த ஒரு கொலைக் கதையை அச்சில் பார்த்ததும் எனக்குப் பகீரென்றது.

“ஏன் மனுஷா, கொலை பண்ண வேற அடுப்படியே கிடைக்கலையா?” என்று அன்றே கேட்டேன்.

“விடிஞ்சா எட்டுப் பக்கம் கேக்குறான் முதலாளி, எட்டு! கண்ணை மூடினா உன் அடுப்படிதான் தெரியுது.”

அந்த இதழும் இன்று வண்டியில் இருந்தது. நவோமி அதைப் புரட்டியவள் அப்படியே நின்றுவிட்டாள். மூக்குடைந்த கெட்டில். கறிக்கடை நாட்காட்டி. ஒரு கதவு தொங்கும் அலமாரி. படத்தைப் பார்த்தாள், அடுப்பைப் பார்த்தாள், மறுபடி படத்தைப் பார்த்தாள்.

“அம்மா, செத்துக் கிடக்குறது நீயா? உன் ஏப்ரன்தானே இது?”

எனக்குச் சிரிப்பு வந்தது. ஹெர்ஷ் வாசலில் வந்து நின்றார். விரலெல்லாம் மை.

“நான்தான் வரைஞ்சேன்” என்றார்.

நவோமி வண்டியைக் காட்டினாள். “எல்லாமேவா?”

“எல்லாம் இல்லை.”

அவள் ஒவ்வொன்றாக எடுத்து நீட்டினாள். இது? தலையசைத்தார். இது? இல்லை. வரைந்த தாள்களைக் கம்பெனிக்காரன் திருப்பித் தந்ததே இல்லை; பாவம், தன் பழைய படங்களை அவரே இப்போதுதான் மறுபடி பார்க்கிறார். கொஞ்ச நேரத்தில் மனிதர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். “இந்தப் பறக்குறவன் கையைப் பாரு குட்டி, கட்டத்தை விட்டு வெளிய வருது பாரு. அப்ப யாரும் இப்படிப் போட்டதில்லை!” அவர் முகத்தில் அந்த வெளிச்சத்தைப் பார்த்து வெகுநாளாகியிருந்தது. நான் காரட்டை மறந்தேன்.

நவோமி சிரிக்கவில்லை. “உங்க பேரு எங்கயுமே இல்லையேப்பா.”

“போட விடமாட்டாங்கம்மா.”

“இப்பப் போடுங்க. டீச்சர் கேட்டா காட்டணும்.”

எதற்காகக் காட்டுவாள்? பெருமைக்கா, போட்டுக்கொடுக்கவா? அவர் எதையும் கேட்காமல் பேனாவை மையில் தோய்த்து, எங்கள் அடுப்படிக்குக் கீழே தன் முழுப்பெயரை எழுதினார். எட்டுப் பக்கத்தை ஒரு ராத்திரியில் முடிக்கிற கை, அந்த இரண்டு சொல்லுக்கு நேரம் எடுத்துக்கொண்டது.

பள்ளி மணிக்கு நேரமாகிவிட்டது. ஹெர்ஷ் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு வண்டியைத் தூக்கினார். ஜன்னலில் நின்று பார்த்தேன். அவர் முன்னால் வண்டியை இழுத்துப் போனார். நவோமி அந்த ஒரு இதழை மட்டும் வண்டியில் போடாமல், இரண்டு கையிலும் விரித்துப் பிடித்து, மை காய்வதற்காக ஊதிக்கொண்டே பின்னால் நடந்தாள்.