பதினான்காம் கேள்வி

அக்டோபர் 9, புதன். இன்றைய தவறு: முப்பத்தோராம் எண் வீட்டில் பதினான்காம் கேள்வியைக் கேட்காமலேயே 'இல்லை' என்று குறித்துவிட்டேன். பையன் என் கண்ணெதிரே கோழியைத் துரத்திக்கொண்டு ஓடினான். இவனுக்கா கண்ணில் குறை இருக்கப்போகிறது என்று நினைத்தேன். நினைப்பது என் வேலை இல்லை, கேட்பதுதான்.

குறிப்பேட்டில் முதலில் தவறை எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுதுவது அவள் வழக்கம். தவறே நடக்காத நாள் என்றால் அவளுக்குக் கூடுதல் கவலை, எதையோ பார்க்காமல் விட்டுவிட்டோமோ என்று.

மாலை வகுப்பில் சத்துணவுப் படிப்பு. பகலில் கணக்கெடுப்பு வேலை. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்குப் போய், நேற்று விடிந்தது முதல் இன்று விடியும்வரை பிள்ளையின் வாய்க்குள் என்னென்ன போனது என்று கேட்டு எழுத வேண்டும். தோள்பையில் மூன்று அளவுக் கிண்ணங்கள், இரண்டு கரண்டிகள், சின்னத் தராசு, கைச் சுற்றளவு பார்க்கும் நாடா. "சாப்பிட்டானா?" என்று கேட்டால் எல்லா அம்மாக்களும் "நல்லா சாப்பிட்டான்" என்றுதான் சொல்வார்கள். கிண்ணத்தை நீட்டி, "இதுலயா, அதுலயா? மிச்சம் வச்சது எவ்வளவு?" என்று கேட்கும்போதுதான் உண்மை மெல்ல எட்டிப்பார்க்கும்.

இப்படி நூற்றுப்பன்னிரண்டு பிள்ளைகள் தின்றது அவளுக்குக் கரண்டிக் கணக்கில் தெரியும். தன் பிள்ளை தின்றதை மட்டும் அக்காவின் வாயால்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

மகளுக்கு மூன்று வயது. வீட்டில் எல்லோருக்கும் அவள் சுண்டெலி. சுண்டெலியின் அப்பாவுக்குக் கப்பலில் வேலை, ஆறு மாதத்துக்கு ஒருமுறைதான் முகம் காட்டுவார். படிப்பு முடியும்வரை சுண்டெலி பெரியம்மா வீட்டில். ஞாயிற்றுக்கிழமை காலையில் இவள் இரண்டு பஸ் மாறி அங்கே போய்விடுவாள். மகளைக் குளிப்பாட்டித் தலைவாரி, மடியிலேயே வைத்திருந்துவிட்டு, மூன்று மணி பஸ்ஸில் திரும்பிவிட வேண்டும். அதை விட்டால் வேறு பஸ் இல்லை. போன மாதம் ஒரு ஞாயிறு, சுண்டெலி அக்காவை "அம்மா" என்று கூப்பிட்டாள். அக்கா பதறிப்போய், "பெரியம்மான்னு சொல்லுடி" என்று திருத்தினாள். இவள் சிரித்தாள். பஸ்ஸில் ஏறிய பிறகு அந்தச் சிரிப்பு முகத்தில் தங்கவில்லை.

தினமும் வகுப்புக்குப் போகுமுன், ஆறரை மணிக்கு, கல்லூரிப் படியில் உட்கார்ந்து ஃபோன் செய்வாள். கோழி துரத்தியதற்கு முந்தின நாள், செவ்வாய்க்கிழமையும் செய்தாள்.

"இன்னைக்கு என்னக்கா சாப்பிட்டா?"

"வந்துட்டாங்கய்யா ஆபீசர். சோறு சாப்பிட்டா."

"எவ்வளவு?"

"இரு, தராசைத் தேடி எடுத்துட்டு வரேன்."

"விளையாடாதக்கா. கூட என்ன?"

"சர்க்கரை. அதைத் தவிர எதுவும் எறங்க மாட்டேங்குது. கீரையைக் கண்டா வாயைத் தச்சுக்கிறா. முட்டை வச்சா தட்டையே தள்ளிவிடுறா. சின்ன வயசுல நீ என்னைப் படுத்துன பாட்டுக்கு, உன் பொண்ணு வேற எப்படி இருப்பா?" அக்கா குரலைத் தாழ்த்தினாள். "ஆனா ஒண்ணுடி. பகலெல்லாம் ஆட்டம் போடுறவ, பொழுது சாஞ்சா சுவத்தோரமா ஒட்டிக்கிறா. கூப்பிட்டாலும் எழுந்து வர்றதில்ல. உன்னைத்தான் தேடுறா, பாவம்."

அன்றைய குறிப்பின் கடைசி வரியாக, 'என்னைத் தேடுகிறாளாம்' என்று எழுதினாள். வருத்தத்துக்கு அடியில் ஒரு தித்திப்பும் இருந்தது. பிள்ளை தன்னை மறக்கவில்லை. அந்த வரியை மறுபடி மறுபடி படித்துப் பார்த்தாள்.

வியாழன் காலையில் மேற்பார்வையாளர் அம்மாவிடம் படிவத்தை நீட்டித் தவறைச் சொன்னாள். அந்த அம்மா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"கோழி தொரத்துனான், சரி. எத்தனை மணிக்கு?"

"பதினொன்னு இருக்கும் மேடம்."

"பதினொரு மணி வெயில்ல டார்ச் அடிச்சு, பேட்டரி நல்லாருக்குன்னு எழுதிட்டு வந்திருக்க. மாலைக்கண்ணு பகல்ல தெரியுமாம்மா? போய்க் கேட்டுட்டு வா."

முப்பத்தோராம் எண் வீட்டில் பையனின் அம்மா, தையற்காரி, மிஷினில் இருந்தாள். பையன் துணித்துண்டுகளைத் தலையில் கட்டிக்கொண்டு ராஜாவாகத் திரிந்தான்.

"மறுபடியுமா? ஒரு கிண்ணம்னு சொன்னேன்ல, அது முக்கா கிண்ணந்தான். எழுதிக்க தாயி."

"அது இல்லக்கா. ஒரே ஒரு கேள்வி விட்டுப்போச்சு." பதினான்காம் கேள்வியை எழுத்து மாறாமல் வாசித்தாள். "இருட்ட ஆரம்பிச்ச பிறகு பிள்ளை நடக்கத் தடுமாறுதா? இல்ல, ஓடியாடாம ஒரே இடத்துல உக்காந்துடுதா?"

தையற்காரி மிதியை நிறுத்தினாள். "தடுமாறல்லாம் மாட்டான். உக்காந்துடுவான். வச்ச எடத்துல வச்ச பொம்மையாட்டம். பகல்லதான் இந்த அழிச்சாட்டியம். பொழுது போனா எம்புள்ள மாதிரி சமத்து தெருவுலயே கெடயாது." பெருமையாகத்தான் ஆரம்பித்தாள். பாதியில் குரல் இறங்கியது. "ஏன் தாயி, அது சமத்து இல்லயா?"

அவள் 'ஆம்' என்ற கட்டத்தில் குறித்தாள். பேனா அங்கேயே நின்றுவிட்டது. சுவத்தோரமா ஒட்டிக்கிறா. கூப்பிட்டாலும் எழுந்து வர்றதில்ல. சோறும் சர்க்கரையும்தான், கீரை இல்லை, முட்டை இல்லை.

"பயப்படாதீங்கக்கா," என்றாள், யாருக்குச் சொல்கிறோம் என்று தெரியாமல். "சீக்கிரம் கண்டுபிடிச்சா சரி பண்ணிடலாம்." ஆஸ்பத்திரிச் சீட்டில் பையன் பெயருக்குப் பதில் மகள் பெயரை எழுதி, ஒரு சீட்டு வீணாயிற்று.

அன்றைக்கு ஆறரை மணி வருவதாக இல்லை. வந்ததும் அக்காவை எதுவும் சொல்லவிடவில்லை.

"அக்கா, சுண்டெலி எங்க?"

"அவ இடத்துலதான். சுவத்தோரம்."

"அவ பொம்மையை எடுத்து, சத்தமில்லாம அவளுக்கு மூணடி தள்ளி வை. வச்சிட்டு, எடுத்துட்டு வான்னு சொல்லு."

"என்னடி வேடிக்கை இது?"

"வைக்கா. ஃபோனை அவ காதுல குடு."

செருப்புச் சத்தம், பிறகு மூச்சுச் சத்தம். "அம்மா," என்றது சின்னக் குரல்.

"கண்ணு, முன்னாடி பொம்மை இருக்கு பாரு. எடு."

"இல்லம்மா."

"இருக்குடா தங்கம்."

"இருட்டா இருக்கும்மா. நீ வந்து எடுத்துக் குடு."

பின்னால் அக்காவின் குரல். "ஏய், சின்ன லைட்டு எரியுதேடி… கண்ணு முன்னாடிதானே இருக்கு." பிறகு ஃபோன் அக்கா கைக்கு மாறியது. "கையால தரையைத் தடவுறாடி," என்றாள் அக்கா. "நான் சரியா பாத்துக்கலையா?"

"நீ தினமும் சொல்லிக்கிட்டுதான்க்கா இருந்த. கேட்டுட்டு விட்டது நான்."

வகுப்பு மணி அடித்தது. படியில் அவளைத் தாண்டி எல்லோரும் ஏறிப் போனார்கள். மகள் தன்னைத் தேடவே இல்லையோ என்று ஒரு கணம் தோன்றியது. தேடிக்கொண்டும் இருக்கலாம். அதற்குப் படிவத்தில் கேள்வி இல்லை. தேடாவிட்டாலும் போகட்டும், கண் நன்றாக இருந்தால் போதும் என்று அவள் தனக்குள் சொல்லிப் பார்த்தாள். முழு மனதாகச் சொல்ல வரவில்லை. அதையும் எழுதிக்கொள்ள வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

அக்டோபர் 10, வியாழன். இன்றைய தவறு: செவ்வாய்க்கிழமைக் குறிப்பின் கடைசி வரி. கேட்காமல் குறித்தது. அடிக்கவில்லை, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டிருக்கிறேன்.

நாளை: மாலை வகுப்பில் தேர்வு, போகவில்லை. மேடத்திடம் விடுப்பு சொல்லியாயிற்று. காலை ஐந்தேமுக்கால் பஸ். சுண்டெலியைக் கூட்டிக்கொண்டு பதினொரு மணிக்குள் ஆஸ்பத்திரியில் கண் டாக்டரிடம் காட்ட வேண்டும். தையற்காரியும் பையனும் அதே ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள். ராத்திரி அக்கா வீட்டில்தான், மூன்று மணி பஸ்ஸில் திரும்ப வேண்டாம். இருட்டும்வரை அவளோடு சுவரோரம் உட்கார்ந்திருக்க வேண்டும்.