டப்பாவின் பின்பக்கம் எழுதியவன்

1
இந்தக் கதை பிறந்த இடம் ஒரு டப்பாவின் பின்பக்கம். ஆர்ஜினின் என்ற அமினோ அமிலப் பொடி. ‘நெஞ்சு வலிக்கு இதம் தரக்கூடும்’ என்று அதில் எழுதியவன் நான்தான். (‘கூடும்’ என்பது கம்பெனியைக் காப்பாற்றும் சொல். நோயாளியைக் காப்பாற்றுவதாக அது யாரிடமும் வாக்குக் கொடுக்கவில்லை.)

2
மருந்து வாடை வீசும் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் அவர்...

வேண்டாம். என் அண்ணன் அப்போது ஆஸ்பத்திரிப் பக்கமே போகவில்லை, சிக்கலே அதுதான்.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட் நின்றால்தான் அவரைக் கூப்பிடுவார்கள். ஆகவே அவருக்கு வாய்ப்பதெல்லாம் படிக்கட்டு. மூன்றாம் மாடியில் நெஞ்சை யாரோ மிதிப்பதுபோல் இருக்கும். டாக்டர் கொடுத்த மாத்திரை தலைவலி தந்ததால் அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பொடிக்கு மாறியிருந்தார்.

“இது இயற்கைடா. டப்பாலயே போட்டிருக்கு. எவனோ அழகா எழுதிருக்கான்.”

அந்த எவனோ அவர் எதிரிலேயே உட்கார்ந்து ஒரு சொம்புத் தண்ணீரையும் குடித்து முடித்தான்.

3
எழுதிய பிறகு ஆதாரம் தேடுவது எங்கள் தொழில் தர்மம். தேடினேன். எல்லாம் சின்னச் சின்ன ஆய்வுகள். சிலவற்றில் நோயாளிகள் கொஞ்ச நேரம் கூடுதலாக நடந்தார்கள். சிலவற்றில் பொடிக்கும் வெறும் மாவுக்கும் வித்தியாசமே இல்லை. மாரடைப்பு வந்தவர்களிடம் நடந்த ஓர் ஆய்வைப் பாதியில் நிறுத்தினார்கள். பொடி தின்ற பக்கம் சாவு கூடியிருந்தது. இதையெல்லாம் அச்சடிக்க டப்பாவில் இடம் போதாது, பாருங்கள்.

அண்ணன் வீட்டுக்கு ஓடினேன். “அண்ணே, அதை எழுதினவன் நான்தான்.”

“நீயா!” அவர் முகம் மலர்ந்தது. “சொல்லவே இல்லையேடா! அப்ப தாராளமா நம்பலாம்.”

மறுநாள் இன்னும் இரண்டு டப்பா வாங்கினார்.

4
அண்ணியை மூக்கைச் சிந்தும் மனைவியாகத்தான் முதலில் எழுதினேன். அடித்துவிட்டேன். அவர் அழுகிற ஆள் இல்லை. செவ்வாய்க்கிழமை பக்கத்துக் கட்டடத்தின் படியில் அண்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டதாகச் செய்தி வந்ததும், தூக்கிப் போட்ட மாத்திரையைத் தேடி எடுத்துக்கொண்டு ஓடி, அதை அவர் நாக்கின் அடியில் வைத்து, ஆம்புலன்ஸையும் வரவழைத்தார். பிறகு எனக்குப் போன் செய்தார்.

“தம்பி, உங்க வாசகரு ஆஸ்பத்திரில படுத்திருக்காரு. வந்து பாருங்க.”

5
முடிவு (அ): அண்ணன் இறந்துபோகிறார், வாசகர் திருந்துகிறார். இதை எழுத எனக்குக் கை வரவில்லை.

முடிவு (ஆ): அண்ணன் டப்பாவை ஜன்னல் வழியாக வீசுகிறார். சினிமா.

நடந்தது வேறு. ரத்தக் குழாய் அடைப்பை நீக்கிய மூன்றாம் நாள், பக்கத்துக் கட்டில் பெரியவரிடம் அண்ணன் பெருமை பேசிக்கொண்டிருந்தார். “இதோ, என் தம்பி. அந்தப் பொடி டப்பால எழுதினது இவன்தான்.”

பெரியவர் நிமிர்ந்தார். “அப்படியா தம்பி? நானும் மாத்திரைய நிறுத்திட்டு அதையே சாப்பிடலாமா?”

“வேணாங்கய்யா,” என்றேன். “நான் எழுதினதுக்குச் சரியான ஆதாரம் இல்ல. மாத்திரைய நிறுத்திடாதீங்க.”

பெரியவர் தலையாட்டினார். அண்ணனின் முகம் சுருங்கியது. இருபது வருஷமாக நான் எழுதியவற்றில் அவர் முழுதாகப் படித்தது அந்த டப்பா ஒன்றைத்தான்.

அவர் வாயைத் திறந்தார். என்ன சொன்னார் என்பதை நான் எழுதப்போவதில்லை. உங்களுக்கு ஓர் அண்ணன் இருந்தால், அவர் குரலில் நீங்களே சொல்லிப் பாருங்கள்.