லாபிர் வெட்டிய மரம்

கண்டிக்கு அருகே பிலிமத்தலாவையில் சில்லறைக் கடை வைத்திருந்த லாபிர், ஆயிரத்துத் தொளாயிரத்து இருபத்தேழாம் ஆண்டில் தம் வீட்டின் பின்புறத்தில் இரண்டு நீரடிமுத்துக் கன்றுகளை நட்டார். எதற்கு என்று கேட்டவர்களிடம் நிழலுக்கு என்று பணிவாகச் சொல்லிவைத்தார். அது முழுப் பொய் என்று சொல்வதற்கில்லை, உண்மையும் அன்று.

அவருடைய மனைவி றலியாவின் முழங்கைக்கு மேலே, அதற்கு இரண்டு வருடங்களுக்கு முன்பே, வெளிறிய தேமல் ஒன்று தோன்றியிருந்தது. ஊசியால் குத்தினாலும் அந்த இடத்தில் உறைப்பதில்லை. நோயின் பெயரை அவ்வீட்டில் ஒருவரும் உச்சரிப்பதில்லை. "அந்த வருத்தம்" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். வெளியே தெரிந்தால் அவளைக் கொழும்புப் பக்கத்துத் தொழுநோய் விடுதிக்குக் கொண்டுபோய்விடுவார்கள். அங்கே போனவர் எவரும் திரும்பி வந்ததாக லாபிர் கேள்விப்பட்டதில்லை.

நீரடிமுத்துக் கொட்டையின் எண்ணெய் அதற்குக் கைகண்ட மருந்து என்று அவர் அறிந்திருந்தார். ஆனால் கண்டிச் சந்தையில் கிடைத்ததோ சிக்கு வாடை வீசும் பழைய எண்ணெய். குடித்த நாளெல்லாம் றலியா வாந்தியெடுத்தாள். தன் மரம், தன் கொட்டை, தன் செக்கு என்றிருந்தால் எவரிடமும் கையேந்த வேண்டியதில்லை, எவருக்கும் பதில் சொல்ல வேண்டியதுமில்லை என்று எண்ணியே, மலையாளக் கரையிலிருந்து வந்த பாக்கு வியாபாரி ஒருவரிடம் விதை வாங்கி முளைக்கவைத்தார்.

மரங்கள் அவசரப்படவில்லை. ஏழாம் வருடந்தான் ஒன்று வெண்பச்சைப் பூக்களைக் கொத்துக்கொத்தாய்ப் பூத்தது. உயரமாக வளர்ந்திருந்த மற்றதில் ஒரு மொட்டுக்கூட இல்லை.

"மலட்டு மரம். பூத்த மரத்துட வெயிலயும் சேத்து மறைக்கிது" என்றார் லாபிர், கத்தியைத் தீட்டிக்கொண்டே.

றலியாவுக்குப் பிள்ளையில்லை. சொல் வாயைவிட்டுப் போன பிறகே அது அவருக்கு நினைவு வந்தது.

"பூக்காட்டி என்ன, நிக்கட்டுமே" என்றாள் அவள். "அதும் எங்கட ஊட்டுத் தண்ணியக் குடிச்சுத்தானே வளந்திச்சி."

லாபிர் கேட்கவில்லை. மறுநாள் காலையில் அந்த மரம் சாய்ந்தது.

அவ்வருடம் பூவெல்லாம் உதிர்ந்தது. அடுத்த வருடமும் அப்படியே. ஒரு பிஞ்சும் இல்லை. அதற்குள் றலியாவின் இடக்கையில் இரண்டு விரல்கள் மடங்கத் தொடங்கியிருந்தன.

பேராதனைப் பூந்தோட்டத்தில் கிளாக்கராக இருந்த ராஜரத்தினம், சனிக்கிழமைகளில் கடைக்குச் சாமான் வாங்க வருவார். யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனிதர், பேச்சுத்தான் கொஞ்சம் கூட. லாபிர் பூங்கொத்தொன்றைக் கடதாசியில் சுற்றி வந்து அவர்முன் விரித்தார்.

"இது காய் பிடிக்குதில்ல ஐயா. உரம் காணாதா?"

ராஜரத்தினம் பூவொன்றை நகத்தால் பிளந்து பார்த்துச் சிரித்தார். "மூட்டை மூட்டையா உரம் போட்டாலும் காய்க்காது, முதலாளி. இது ஆண் மரமெல்லோ. பனையிலயும் ஆணும் பெண்ணும் வேற வேற மரம்; பனை இல்லாத ஊரில இருந்தால் இது தெரியாதுதான்."

"பப்பாசியில ஆண் மரம் இரிக்கி, தெரியும். இவ்வளவு பெரிய மரத்திலயுமா?"

"ஓம், இதிலயும் வெவ்வேறதான். பெண் மரம் கொஞ்சம் பிந்தித்தான் பூக்கும். பக்கத்தில ஒண்டு நிண்டால் காணும். நிக்குதோ?"

லாபிர் தராசுத் தட்டை வெறுமனே துடைத்தார். "நிண்டிச்சி. வெட்டிட்டேன்."

"வெட்டிப்போட்டியளோ?" ராஜரத்தினத்தின் சிரிப்பு நின்றது. குரலைத் தாழ்த்தினார். "இந்தக் கொட்டை உங்களுக்கு என்னத்துக்கு? வீட்டில ஆருக்கும்...?"

"இல்ல ஐயா. யாவாரத்துக்கு."

ராஜரத்தினம் வாங்கிய சீனிப் பொட்டலத்தை விரல் நுனியால் எடுத்துக்கொண்டு போனதாக லாபிருக்குத் தோன்றியது.

பகற்சாப்பாட்டுக்குப் போனபோது நடந்ததைச் சொன்னார். றலியா சோற்றுப் பானையை இறக்கிக்கொண்டே கேட்டாள்.

"அப்ப வெட்டினது பொம்புள மரம்."

"ம்."

"மலடுண்டு சென்னீங்க."

அவர் தலை குனிந்தார். "திரும்ப விதை எடுப்பிக்கிறேன். இந்தத் தரம் பத்துக் கன்டு வெப்போம். ஒண்டையும் வெட்டுறல்ல."

ஏதோ கருகும் வாடை வந்தது. அடுப்பில் ஒன்றுமில்லை. றலியா தன் இடக்கையைத் திருப்பிப் பார்த்தாள். பானையின் சூட்டில் சுண்டுவிரல் தோல் வெந்து கருகியிருந்தது. அவள் முகத்தில் வலியின் அடையாளமே இல்லை.

"பத்துக் கன்டும் பூக்கிற நேரம் எனக்கு விரல் இரிக்குமா?" என்றாள். "நாளண்டைக்கி திங்கக்கிழம. கண்டிக்கிக் கூட்டிப் போங்க. அங்க இந்த வருத்தத்துக்கு ஊசி போடுறாங்களாம்."

"பேர எழுதினா உடமாட்டாங்க, றலியா."

"இஞ்ச மட்டும் உட்டா வெச்சீங்க? பத்து வருஷமா நான் கலியாண ஊட்டுக்கும் போகல்ல, மவுத்தூட்டுக்கும் போகல்ல."

திங்கட்கிழமை பஸ்ஸில் கண்டிக்குப் போனார்கள். அவள் முக்காட்டுக்குள் கையை மறைக்கவில்லை. லாபிர்தான் தம் குடையை அதன்மேல் சாய்த்துப் பிடித்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரி மேசையில் ஒருவர் கொப்பியை விரித்து, தலை நிமிராமலே பெயரையும் ஊரையும் எழுதினார். "எவ்வளவு காலமா இருக்குது?"

"ஒரு... ஒரு மாசம் இரிக்கும், ஐயா" என்றார் லாபிர்.

"பத்து வருஷம்" என்றாள் றலியா.

எழுதியவர் அப்போதுதான் நிமிர்ந்தார். அவளுடைய கையைப் பார்த்தார். பேனாவை வைத்துவிட்டு எழுந்து, டொக்டரைக் கூப்பிட உள்ளே போனார். அவர் திரும்பி வரும்வரை இருவரும் கதிரையில் உட்காராமல் நின்றுகொண்டேயிருந்தார்கள்.