ஆயுசுக்கும் மாத்த வேண்டாம்

சைக்கிள் கம்பெனி புது அளவை அறிவித்த திங்கட்கிழமை காலையில், ஊரில் இருந்த மலைச் சைக்கிள்களின் பின்சக்கரங்கள் எல்லாம் ஆறு மில்லிமீட்டர் ஒடுங்கிப்போயின. அந்த நேரத்தில் சரிவில் ஓட்டிக்கொண்டிருந்த பல் டாக்டர் மட்டும் புதருக்குள் போனார்; சக்கரம் அவரை முந்திக்கொண்டு அடிவாரம் வரை போய்ச் சேர்ந்தது. மற்றபடி சேதம் ஒன்றுமில்லை. அதற்கு முன்னெல்லாம் கம்பெனி புது அளவு கொண்டுவந்தால் பழைய அளவில் சாமான் கிடைக்காமல் போகும், அவ்வளவுதான். இருப்பதைத் தட்டிக்கொட்டி நாலைந்து வருஷம் ஒப்பேற்றிவிடலாம். இனிமேல் ஒப்பேற்றவும் வழியில்லை என்று தெரிந்தபோது ஊர்க்காரர்கள் பஸ் கட்டணம் ஏறினால் எத்தனை நாள் திட்டுவார்களோ அத்தனை நாள் திட்டினார்கள். பிறகு பழகிவிட்டது. வசந்தம் தொடங்கும் முதல் திங்கட்கிழமை காலையில் அவரவர் சைக்கிளைத் தெருவில் கொண்டுவந்து நிறுத்தி, இந்த வருஷம் எது போகப்போகிறது என்று சுற்றி நின்று பார்ப்பார்கள். ஒரு வருஷம் கைப்பிடிகள் பருத்து பிரேக் எல்லாம் தெறித்து விழுந்தது. இன்னொரு வருஷம் சீட்டுத் தண்டு மெலிந்து, சைக்கிள் மேல் உட்கார்ந்து கதை பேசிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் பேச்சு நிற்காமலே மெல்லக் கீழே இறங்கினார்கள்.

தார் ரோடு முடிந்து மண் பாதை ஆரம்பிக்கும் இடத்தில் ஸ்பேனர் அக்காவின் கடை இருந்தது. முன்னறையில் உத்தரத்துக் கொக்கிகளில் சக்கரங்கள் தொங்கும். பின்னறையில் ஒரு லேத் மெஷினும், அவள் புருஷன் தூங்குவதற்கு ஒரு சோபாவும் கிடந்தன. அவர் பஸ் டிரைவர். மலைப்பாதையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓட்டிவிட்டு வந்தால், லேத் சத்தத்தில்தான் அவருக்கு நல்ல தூக்கம் வரும். அவள் கை பட்ட சைக்கிள் சரிவில் யாரையும் கைவிட்டதில்லை என்று ஊரில் பெயர். ஆனால் அவள் கடையில் உண்மையில் விற்றது சாமான் இல்லை, வார்த்தை. நல்ல பொருள் ஒன்று கிடைத்துவிட்டால் அதை முந்தானையால் துடைத்து வாடிக்கையாளர் கையில் வைத்து, "எடுத்துட்டுப் போங்க. ஆயுசுக்கும் மாத்த வேண்டாம்" என்பாள். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே அடுத்த மலையிலிருந்து ஆட்கள் வந்தார்கள். ஒவ்வொரு வசந்தத்திலும் அந்த வாக்கியம் அவள் முகத்திலேயே வந்து அடித்தது. முதல் வருஷம், சக்கரத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, உடம்பெல்லாம் முள் கிழித்த கோடுகளோடு பல் டாக்டர் வந்து நின்றார்.

"ஆயுசுக்கும்னு சொன்னீங்களே."

"சொன்னேன் டாக்டர்."

"யாரோட ஆயுசுக்கு? என்னோடதா, சக்கரத்தோடதா?"

தன்னை நம்பி வந்தவர்களுக்குத் தான் துரோகம் செய்துவிட்டதாக அவள் நினைத்தாள். கம்பெனிக்காரர்களைப் பற்றி அவள் வாயில் வந்ததையெல்லாம் இங்கே எழுத முடியாது. மரை கழன்றவர்கள் என்பதுதான் அதில் மரியாதையான சொல். ஆனால் கம்பெனியைத் திட்டும்போதெல்லாம் ஒரு ஆளை மட்டும் ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் திட்டுவாள். அவளுடைய தம்பி அங்கேதான் வேலை பார்த்தான், தூரத்து நகரத்தில், தலைமை அலுவலகத்தின் அளவுப் பிரிவில். அம்மா படுத்த படுக்கையான நாளிலிருந்து அவனை வளர்த்தது அவள்தான். தன் படிப்பை நிறுத்திவிட்டு கிரீஸில் கை வைத்து அவனை இன்ஜினியராக்கியதும் அவள்தான். அதை அவள் யாரிடமும் சொல்லிக் காட்டியதில்லை. "உள்ள ஒருத்தனாவது நமக்காகப் பேசறான்" என்று ஊர்க்காரர்களுக்கு ஆறுதல் சொல்வாள். அவர்களும் அதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டுப் புதுச் சக்கரம் வாங்கிக்கொண்டு போவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாடு ஆனதும் அவன் போன் செய்வான். மாமா எப்படி இருக்கார், மழை உண்டா என்று இரண்டு கேள்வி, அப்புறம், "சொல்லுக்கா, இப்ப எது நல்லாப் போகுது?" என்பான். அவ்வளவுதான், அவளுக்கு நேரம் போவது தெரியாது. மற்ற அக்காமார்கள் பிள்ளைகளைப் பற்றிப் பேசுகிற மாதிரி அவள் சாமான்களைப் பற்றிப் பேசுவாள். எது சேற்றில் அடைக்கவில்லை, எதை வாங்கியவர்கள் திரும்பி வரவே இல்லை, எது ஆயுசுக்கும் மாற்ற வேண்டாம் என்று ஒன்றுவிடாமல் சொல்வாள். அவன் ம் கொட்டுவான். அவ்வளவு பொறுமையாகக் கேட்கிற ஆள் அவளுக்கு உலகத்தில் வேறு யாரும் இல்லை. வசந்தத் திங்கட்கிழமைகளில் மட்டும், வாடிக்கையாளர்கள் வந்து கத்துவதற்கு முன்பே அவன் போன் வந்துவிடும். "நான் எவ்வளவோ சொல்லிப் பாத்தேன்க்கா. மேல இருக்கறவங்க கேக்கல" என்பான். குரல் கம்மியிருக்கும். அவன் மனசு கஷ்டப்படக் கூடாதே என்று இவள் அவனுக்கு ஆறுதல் சொல்வாள்.

பின்சக்கரங்கள் ஒடுங்கிய அந்த வருஷம் அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது. கம்பெனி கொடுத்த இடைவெளியைத் தானே அடைப்பது என்று முடிவு செய்தாள். லேத்தில் அலுமினியத்தைக் கடைந்து, அச்சின் இரண்டு பக்கமும் மாட்டுகிற மாதிரி ஒரு வளையம் செய்தாள். மாட்டினால் ஒடுங்கின சக்கரம் பழையபடி இறுக்கமாக உட்கார்ந்தது. கொட்டும் மழையில் அதை மாட்டிக்கொண்டு சரிவின் உச்சியிலிருந்து இறங்கிப் பார்த்தாள். ஒரு ஆட்டம் இல்லை, ஒரு சத்தம் இல்லை. குளிர்காலம் முழுவதும் உட்கார்ந்து ஊருக்கே போதுமான வளையங்களைக் கடைந்து அடுக்கினாள். வசந்தத்தில் எல்லார் கையிலும் ஆளுக்கொரு ஜோடி கொடுத்து, போன வார்த்தையை மீட்டுக்கொள்ளலாம் என்று ஆசை. அதுவரை மூச்சு விடவில்லை. புருஷனுக்குத் தெரியும், ஆனால் அவருக்குச் சைக்கிள் என்பது ஹாரன் அடித்து ஒதுக்க வேண்டிய ஒரு சாமான். அவர் யாரிடம் போய்ச் சொல்லப்போகிறார். தம்பியிடம் மட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாய் பொறுக்காமல் சொன்னாள். "பிரமாதம்க்கா" என்றான் அவன். எவ்வளவு கனம், அச்சில் எந்த இடத்தில் உட்காருகிறது என்று கேட்டான். எல்லாம் சொன்னாள்.

வசந்தத் திங்கட்கிழமை காலையில் ஊரிலிருந்த அச்சுகளின் முனைகள் எல்லாம் கூம்பின. வேறு ஒன்றும் மாறவில்லை. வளையம் உட்கார வேண்டிய இடம் மட்டும் ஊசி மாதிரி சரிந்துபோனது. அவள் ஒவ்வொரு வளையமாக மாட்டிப் பார்த்தாள். ஒவ்வொன்றும் வழுக்கி விழுந்து தரையில் உருண்டு லேத்துக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. போன் அடித்தது. "நான் எவ்வளவோ சொல்லிப் பாத்தேன்க்கா" என்றான் தம்பி. இந்த முறை அவளுக்கு ஆறுதல் சொல்ல வரவில்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்று சின்ன வயசில் மனப்பாடம் செய்தது ஞாபகம் வந்தது. உடனே, சே, என்ன புத்தி இது, பெத்த பிள்ளை மாதிரி வளர்த்தவனைப் போய், என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

ஆனால் சந்தேகம் செருப்புக்குள் புகுந்த கல். நடக்க நடக்கத்தான் குத்தும். அடுத்து வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் ஒரு காரியம் செய்தாள். அப்போது ஊரில் இரண்டு பெடலுக்கும் நடுவே புது மாதிரி பேரிங் வந்திருந்தது. முன்பெல்லாம் மரை போட்டுத் திருகிப் பூட்டுவார்கள். இது வெறுமனே அழுத்திச் சொருகுவது. முதல் மழைக்கே கிரீச் என்று ஆரம்பித்தால் நிற்காது. காலையில் எல்லாரும் சைக்கிளை எடுத்தால் ஊர் முழுக்க எண்ணெய் காணாத கதவுகளைத் திறக்கிற மாதிரிச் சத்தம். அந்தப் பேரிங்கைச் சபிக்காத வாய் அந்த மலையில் இல்லை. "இப்ப எது நல்லாப் போகுதுக்கா?" என்று தம்பி கேட்டதும் அவள் கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள்: "அந்தச் சொருகற பேரிங் இருக்கே, அதுமாதிரி ஒண்ணு இதுவரைக்கும் வந்ததில்லடா. சத்தமே கிடையாது. ஆயுசுக்கும் மாத்த வேண்டாம்." சோபாவில் படுத்திருந்த புருஷன் ஒரு கண்ணைத் திறந்து அவளைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

அந்தக் குளிர்காலம் முழுவதும் அந்தப் பேரிங் போகாமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்ட ஒரே ஜீவன் அவள்தான். கிரீச் சத்தம் கேட்டுத் தெருவே பல்லைக் கடித்தது. அவள் மட்டும், இன்னும் இருக்கிறது, இன்னும் இருக்கிறது என்று நிம்மதியாக மூச்சு விட்டாள். வசந்தத் திங்கட்கிழமை வந்தது. ஊரிலிருந்த பேரிங்குகள் எல்லாம் தாமாகவே நழுவி வெளியே வந்து, ரோட்டில் வரிசையாக உருண்டு சாக்கடையில் விழுந்தன. கம்பெனி பழைய மரைப் பேரிங்கையே புதுப் பெயரும் புது விலையும் வைத்துக் கொண்டுவந்திருந்தது. பழைய குருடி கதவைத் திறடி என்கிற கதைதான். ஆனாலும் ஊர் கை தட்டியது. பல் டாக்டர் விசில் அடித்தார். சந்தோஷத்தைச் சொல்லக் கடைக்குள் ஓடி வந்தவர், லேத்துக்குப் பின்னால் உட்கார்ந்து ஸ்பேனர் அக்கா ஏங்கி ஏங்கி அழுவதைப் பார்த்து, ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்துக்கொண்டு திரும்பிப் போய்விட்டார்.

போனில் தம்பியின் குரல் வழக்கத்தைவிட உருகியிருந்தது. "நீ ஆசையாச் சொன்னியேக்கா, அந்தப் பேரிங்குக்காக நான் சண்டையே போட்டேன். கேக்க மாட்டேன்னுட்டாங்க."

"பரவால்லடா. சாப்ட்டியா?" என்றாள் அவள்.

சாமான் போனது அவளுக்குப் பெரிதாக வலிக்கவில்லை. சண்டை போட்டேன் என்றானே, அதுதான் வலித்தது. கூடவே உட்கார்ந்து குழி பறித்தவன், குழிக்குள் விழுந்தவளுக்குக் கையும் நீட்டுகிறான். இத்தனை வருஷம் அவள் கதையைப் பொறுமையாகக் கேட்டது அக்கா என்பதற்காக இல்லை. எந்தப் பொருள் அழியாமல் நிற்கிறது என்று தெரிந்தால்தானே எதை அழிப்பது என்று முடிவு செய்ய முடியும். ஊருக்கு அவள் கொடுத்த வார்த்தையை அவள் வாயிலிருந்தே எடுத்து அவன் உடைத்திருக்கிறான். உண்ட வீட்டுக்கு ரெண்டகம் என்றால் இதுதான்.

"நேராவே கேட்டுடேன்" என்றார் புருஷன்.

"கேட்டு? இல்லக்கான்னு சொல்லுவான். அதையும் நான் நம்பணும். என்னால முடியாதுங்க."

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் என்ன கேட்டாலும், ஒன்றும் சரியில்லை என்றுதான் அவள் சொன்னாள். ரிம் சரியில்லை, செயின் சரியில்லை, டயர் சுத்த மோசம். அவன் குரலில் மெல்லப் பதற்றம் ஏறியது. அளவுப் பிரிவில் அவன் மேலே போய்க்கொண்டிருந்த நேரம் அது. சொல்வதற்கு அவனுக்கு ஏதாவது வேண்டியிருந்தது. "ஏதாவது ஒண்ணாவது நல்லா இருக்கும்லக்கா? யோசிச்சுச் சொல்லு" என்று வாயைப் பிடுங்கினான். வாரா வாரம் பிடுங்கினான். ஒருநாள் அவள் போனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றினாள்.

"இருக்குடா ஒண்ணு."

"என்னக்கா?"

"நீதான். எங்க வெச்சாலும் பொருந்துற ஆளு நீ. மேல எவ்வளவு பாரம் ஏத்தினாலும் தாங்குவ. ஒரு குறை சொல்ல முடியாது. உன்னை மாதிரி ஒண்ணு இனி செய்யவும் முடியாது. ஆயுசுக்கும் மாத்த வேண்டாம்."

அது சாபமா, பாசமா என்று ஊரில் இன்றைக்கும் இரண்டு கட்சி உண்டு. சொல்லும்போது அவள் குரல் உடைந்தது என்று புருஷன் சத்தியம் செய்கிறார். அவளைக் கேட்டால், மனசில் இருந்ததைச் சொன்னேன் என்பதோடு சரி. தம்பிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மறுநாள் கூட்டத்தில் மேலதிகாரிகள் முன்னால், களத்திலிருந்து வந்த சேதி என்று சொல்லி, அதைச் சிரித்துக்கொண்டே ஒரு வார்த்தை குறையாமல் ஒப்பித்தான். அவர்களும் சிரித்தார்கள். ஆனால் ஒருவர் தலை நிமிர்ந்து அவனை மேலும் கீழும் பார்த்தார்.

வசந்தத் திங்கட்கிழமை காலையில் ஊரில் எதுவும் ஒடுங்கவில்லை. சைக்கிள்களைச் சுற்றி நின்றவர்கள் மத்தியானம் வரை காத்திருந்துவிட்டு, ஏமாந்த முகத்தோடு வீட்டுக்குப் போனார்கள். தூரத்து நகரத்தில் தம்பி ஆறு மில்லிமீட்டர் ஒடுங்கியிருந்தான், எல்லாப் பக்கமும். மோதிரம் விரலிலிருந்து கழன்று காபி டம்ளருக்குள் விழுந்தது. ஷூ ஒன்று லிஃப்டிலேயே நின்றுவிட்டது. அலுவலகக் கதவு அவன் கட்டைவிரலை அடையாளம் தெரியாது என்றுவிட்டது. உன்னிடம் குறை ஒன்றும் இல்லை, நீ ரொம்ப நல்ல மாதிரிதான், இப்போது அளவு மாறிவிட்டது என்று மேலே இருப்பவர்கள் அன்பாக எடுத்துச் சொன்னார்கள். அவனுக்காகத் தாங்கள் எவ்வளவோ பேசிப் பார்த்ததாகவும் சொன்னார்கள்.

அவன் மாமாவின் பஸ்ஸிலேயே வந்து இறங்கினான். வளைவுக்கு வளைவு அவன் சட்டைக்குள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடிக்கொண்டு வந்தான் என்று அவர் சொன்னார். கடை வாசலில் நின்றிருந்த பல் டாக்டர் ஒரே பார்வையில் புரிந்துகொண்டு, "எந்த வருஷத்து மாடல்?" என்று கேட்டார். யாரும் சிரிக்கவில்லை. முன்னறையில் சக்கரங்களுக்குக் கீழே ஸ்டூலைப் போட்டு ஸ்பேனர் அக்கா அவனை உட்கார வைத்தாள். தட்டில் சாதத்தைப் போட்டு முன்னால் வைத்தாள். அவன் குனிந்ததும் கண்ணாடி மூக்கிலிருந்து நழுவியது. எடுத்து மாட்டிக்கொண்டான். சாதத்தைக் கையால் அளைந்துகொண்டே கேட்டான்.

"என்னைப் பத்தி நீ யார்கிட்டயாவது சொன்னியாக்கா?"

"உன்கிட்ட மட்டும்தான்டா சொன்னேன்."

குழம்பு ஆறுகிறது, சாப்பிடு என்றாள், சாப்பிட்டான். இப்போது அவன் கடையிலேயே இருக்கிறான். குனிந்து செய்ய வேண்டிய வேலைகளை அவனுக்குக் கொடுப்பதில்லை. சட்டையை இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்துக் கொடுத்தது அவள்தான். காற்று பலமாக அடிக்கும் நாட்களில் அவன் லேசாக ஆடுவான். வாடிக்கையாளர்கள் பேசிக்கொண்டே அவன் தோளைப் பிடித்து நிறுத்திவிட்டு மேலே பேசுவார்கள். எந்தச் சாமான் நன்றாக இருக்கிறது என்று அவள் அவனிடம் சொல்வதில்லை. அவனும் கேட்பதில்லை.